ஈரச் சுவரில் ஏழு கையெழுத்து

பத்தொன்பது வருடமாகப் பேசாத அண்ணன் ஒரு காலையில் போன் செய்து, "பாப்பா, ஒரு சுவர் பூசணும், வர்றியா?" என்று கேட்டபோது, கரண்டி யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டு உட்கார்ந்து சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. பாதிப் பூச்சில் கையை நிறுத்தினால் தடம் விழுந்துவிடும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "எந்தச் சுவர்?" என்று மட்டும் கேட்டாள்.

கரண்டி என்பது ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் விழுந்த பெயர். மற்றப் பெண்களின் பையில் சீப்பு இருக்கும். இவள் பையில் சாந்துக் கரண்டி இருக்கும். பட்டப்பெயர் வைத்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், பெயர் மட்டும் இவளோடு தங்கிவிட்டது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட "கரண்டியம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அண்ணன் அதே கல்லூரியில் பேராசிரியர். மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக, மறுமலர்ச்சிக் காலத்து ஈரச்சுவர் ஓவியம் ஒன்றை, அசல் அளவில், அசல் முறையிலேயே கல்லூரிக் கூடத்தில் தீட்டப் போகிறார்களாம். வெளியிலிருந்து மூன்று பேர் குழுவாக வந்து நிறத்தைக் கருவி வைத்து அளப்பார்களாம். அண்ணன் வெளியிட்ட வண்ணப் படப் புத்தகம் எந்த அளவுக்குத் துல்லியம் என்பதற்கு அந்தச் சுவர்தான் சாட்சி. தேறிவிட்டால் எல்லா ஓவியக் கல்லூரிகளுக்கும் அதுவே பாடப் புத்தகம். பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்து வைக்கப் புதிதாகத் தொடங்கும் பிரதிக்கூடத்துக்கு அண்ணன்தான் இயக்குநர்.

"நீதான் தீட்டப் போறியா?" என்றாள் கரண்டி.

"நான் எங்க தீட்ட. எனக்கு முதுகு வலி. நான் பக்கத்துல இருந்து சொல்லுவேன். நீ கையை ஓட்டினா போதும். சுவர்ல வேலை தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா சொல்லு?"

கரண்டிக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "வர்றேன். ரெண்டு விஷயம்," என்றாள். "புத்தகத்துல நிறம் எப்படி இருக்கோ அப்படித்தான் வைப்பேன். தினமும் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் நீ வந்து பார்த்து, நிறம் சரின்னு பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"நீ எப்பவுமே எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிறவதானே," என்றான் அண்ணன், பாசமாக.

அந்த ஒரு வார்த்தை போதும் வயிறு எரிய. அவள் எழுதி வைத்ததைத்தானே அவன் தின்று இத்தனை வருடம் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த வயிற்றெரிச்சல் புரிய வேண்டுமென்றால், ஈரச்சுவர் ஓவியம் எப்படி உண்டாகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். அதில் வண்ணத்துக்குப் பசை கிடையாது. மண் பொடியைத் தண்ணீரில் குழைத்து, அப்போதுதான் பூசிய சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டுவார்கள். ஈரம் வெளியேற வெளியேற, சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து மறுபடியும் கல்லாகிறது; நிறத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. காய்ந்த பிறகு தீட்டினால் ஒட்டாது. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்றைக்குச் சாந்து பூசுவார்கள். மறுநாள் அதன் ஓரத்தைச் சீவிவிட்டு அடுத்த பங்கு. இப்படி மேலிருந்து கீழாக, நாள் பங்கு நாள் பங்காக இறங்கிவருவார்கள். ஒரு பெரிய சுவரை உற்றுப் பார்த்தால், ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் எந்த நாளில் முகத்தோடு நிறுத்தினான், எந்த நாளில் வானம் முழுவதையும் முடித்தான் என்பதைத் தையல் பார்ப்பதுபோலப் பார்த்துவிடலாம்.

இதில் தலைவேதனை நிறம்தான். நனைந்த சட்டை கறுத்துத் தெரிவதில்லையா, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வருவதில்லையா, அதே கதை. ஈரச் சுவரில் அடர் செங்கல் நிறமாகத் தெரிவது, காய்ந்தால் இளஞ்சிவப்பு. கறுப்பு, சாம்பலாகும். பச்சையில் பால் ஊற்றினாற்போல ஆகும். தீட்டுகிறவன் கண்ணால் பார்ப்பது ஒன்று, இருபது நாள் கழித்து ஊர் பார்ப்பது வேறொன்று.

இருபத்துமூன்று வயதில் கரண்டி வெளிநாட்டில் ஒரு பழைய தேவாலயத்துச் சுவரைச் செப்பனிடும் கூட்டத்தில் எட்டு மாதம் வேலை செய்தாள். அடக்கத்துக்குக் காத்திருக்கும் உடலை ஐந்து பேர் சூழ்ந்திருக்கும் ஓவியம். அதே ஓவியத்தைப் பக்கத்து அறையில் ஒரு சோதனைச் சுவரில் தீட்டித் தீட்டிப் பார்த்தார்கள். சாந்தும் வண்ணமும் அவள் பொறுப்பு. அப்போது ஒரு நோட்டு வைத்திருந்தாள். காய்ந்த நிறத்தைக் குறித்துவைக்க அவசியமில்லை. அது எதிரே சுவரில் எப்போதும் இருக்கிறது. எந்த ஈர நிறம் காய்ந்து அந்த நிறமாகிறது என்பதுதான் கண்ணெதிரே மறைந்துபோகிறது. அதனால் ஒவ்வொரு முறை சரியாக அமைந்தபோதும், தூரிகை வைத்த அந்த நிமிடத்தில் சுவரில் தெரிந்த ஈர நிறத்தைத் தாளில் அப்படியே கலந்து ஒரு கட்டத்தில் தீட்டிவைத்தாள். நூற்றுப் பதினான்கு கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது யாருடைய உடுப்பு, எந்தக் கை, எந்த மலை என்று குறிப்பு. ஈர நிறம் என்று எங்கேயும் எழுதவில்லை. தன் நோட்டில் தனக்கே தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

கடைசி இரண்டு வாரம் அண்ணனும் பார்வையாளனாக வந்திருந்தான். அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தகவல் வந்ததும் கரண்டி கட்டிய துணியோடு ஊருக்குக் கிளம்பினாள். சாமான்களை அண்ணன் எடுத்துவந்தான். நோட்டைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்தது.

அடுத்த வருடம் அந்த நூற்றுப் பதினான்கு கட்டங்களும் பளபளவென்ற தாளில் அண்ணன் பெயரில் வந்தன. முன்னுரையின் கடைசி வரியில் "சாந்து குழைத்த உதவியாளர்களுக்கும் நன்றி" என்று இருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு அவள் தன் வண்ண மாதிரிகளோடு போனபோது, தேர்வு செய்கிறவர்களில் ஒருவர் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "அண்ணன் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சுக் கொண்டுவந்திருக்கீங்க. வெட்கமா இல்லையா?" என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு மனசில் விழுந்த வன்மத்துக்கு இப்போது பத்தொன்பது வயது. நன்றாகச் சோறு போட்டு வளர்த்திருந்தாள்.

வேலை மழைக்காலத்தில் தொடங்கியது. அதுவும் அவளுக்கு வசதிதான். கூடத்துச் சுவரில் ஆறடி உயரம், பத்தடி அகலம். முதல் நாலு நாள் தண்ணீர் அடித்து அடித்துச் செங்கல்லின் தாகத்தைத் தீர்த்தாள். மணல் தூக்கலாகப் போட்டு முரட்டுப் பூச்சு ஒன்று. அது இறுகியதும் ஓவியத்தின் கோட்டு வரைபடத்தை வைத்து, கோடு நெடுக ஊசியால் குத்திய துளைகளின் மேல் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினாள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளி புள்ளியாக ஆட்கள் நின்றார்கள். சுற்றி நின்ற மாணவர்கள் பார்க்க, ஆறுமாதம் ஊறிய சுண்ணாம்பைச் சலித்த மணலோடு கலந்து, முதல் நாள் பங்குக்கு மெல்லிய பூச்சு போட்டாள். வானமும் மலையும்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் புத்தகம். புத்தகத்தை விரித்துச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தான். மலையின் பச்சை, புத்தகத்தின் பச்சை. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன.

"பார்த்துக்குங்க," என்று மாணவர்களிடம் திரும்பினான். "இதுக்குப் பேர்தான் துல்லியம். அசலைக் கழுவறேன் கழுவறேன்னு அந்தச் செப்பனிடற கூட்டம் சுரண்டி வெளுக்க வெச்சுட்டாங்க. உண்மையான நிறம் இதுதான்."

பின்வரிசையில் உயரமான மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், இது காஞ்சா வெளுக்காதா?"

கரண்டி தூரிகையைக் கழுவுகிற சாக்கில் வாளியைப் பார்த்துக் குனிந்தாள். அவன் ஒரு நிமிடம் யோசித்தால் போதும். ஓவியம் படித்தவன், ஈரம் காய்ந்தால் வெளுக்கும் என்பது முதல் வருடப் பாடம்.

அண்ணன் யோசிக்கவில்லை. யோசிக்கவேண்டிய வேலையைப் பதினெட்டு வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டிருந்தான். புத்தகம் வந்த புதிதில் ஒரு ஓட்டில் பூசிப் பார்த்திருக்கிறான், நிறம் வெளுத்துப்போனது. புத்தகம் தப்பாக இருக்குமோ என்று கேட்டுக்கொள்வதற்குப் பதில், சாந்து தப்பு என்று முடிவுகட்டினான். அதை இரண்டாம் பதிப்பில் முப்பத்தோராம் பக்கத்தில் விதியாகவே அச்சடித்தும்விட்டான். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

"நல்லா ஊறின சுண்ணாம்புன்னா வெளுக்காதும்மா. கத்துக்குட்டிங்க குழைக்கற சாந்துதான் வெளுக்கும்," என்றான். பிறகு கரண்டியைப் பார்த்து, "என்னம்மா, சரிதானே?" என்றான். மாணவர்கள் முன்னால் அவள் 'பாப்பா' இல்லை. பூச்சு வேலைக்கு வந்த அம்மா.

"புத்தகத்துல அப்படித்தாங்க சார் போட்டிருக்கு," என்றாள் கரண்டி.

பதிவேட்டை நீட்டினாள். அண்ணன் அழகான எழுத்தில் எழுதினான்: 'முதல் பங்கு. நிறம் சரி. அசலுக்கு இம்மியும் பிசகவில்லை.' கீழே வால் நீண்ட கையெழுத்து. அவன் போனதும் கரண்டி முடிந்த பங்கின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டாள். "மேல பட்டுத் தெறிக்கக் கூடாதுல்ல," என்று மாணவர்களுக்குச் சொன்னாள். அதுவும் உண்மைதான். விரிப்புக்குள் ஈரம் ஈரமாகவே இருக்கும் என்பதும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் தாடிக்காரரின் தலை. மூன்றாம் நாள் துணியைப் பிடித்திருக்கும் இருவர். நாலாம் நாள் மண்டியிட்டு அழுகிற பெண்ணின் சிவப்பு மேலங்கி; காவி மண்ணில் கொஞ்சம் கறுப்பு சேர்த்து, காய்ந்த ரத்தம்போல வைத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அண்ணன், புத்தகம், கையெழுத்து. கரண்டி அவனை ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை, தூண்டவுமில்லை. கேட்ட நிறத்தைக் கேட்டபடி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் அண்ணி வந்தாள். கல்லூரி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றைக் கரண்டியிடம் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் போவதுபோலச் சுவர் ஓரம் போய், பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையைத் தூக்கினாள். முதல் நாள் பங்கின் மூலை ஒன்றில் காற்று புகுந்து காய்ந்திருந்தது. உள்ளங்கை அளவு இடம். அங்கே மலை பால்பச்சையாக இருந்தது. அதைச் சுற்றிப் பாசிப்பச்சை.

அண்ணி விரிப்பை விட்டாள். டீயை ஊதினாள்.

"நாத்தனாரே, என் வீட்டுக்காரரைக் கொல்லப் போறியா?"

"இல்ல அண்ணி. காய விடப்போறேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"விரிப்பை எடுத்தா, நல்லாக் காய ரெண்டு வாரம்."

"அவருக்கு அவ்வளவு பொறுமை ஏது. சட்டையையே ஈரமாத்தான் எடுத்து மாட்டுவாரு," என்றாள் அண்ணி. சிரிக்கவில்லை. "நூலகத்துல இருக்கற அவர் புத்தகத்துல, வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் ஓரத்துல எழுதி வெக்கறான். 'அசல் இவ்வளவு இருட்டா இல்ல'ன்னு. அவரு கண்ணுல பட்டா அந்தப் பையன் ஃபெயில். நான் ரப்பரை எடுத்து அழிச்சிட்டே இருக்கேன். கை ஓஞ்சு போச்சு."

"சொல்லிடப் போறீங்களா?"

"நான் எதைப் பார்த்தேன் சொல்றதுக்கு? டீ கொடுக்க வந்தேன்." காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

ஏழாம் நாள் கீழே கிடக்கும் உடலின் பாதங்கள். ஏழாவது கையெழுத்து. மறுநாளே அண்ணன் வெளியூர்க் கல்லூரிகளில் சொற்பொழிவு என்று கிளம்பினான். இரண்டு வாரம் கழித்து, குழு வருகிற அன்று காலையில்தான் திரும்புவான். அவன் போன கார் வாசலைத் தாண்டியதும் கரண்டி விரிப்பை உருவினாள். ஜன்னல்களை அகலத் திறந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அங்கே வேலை கிடையாது. ஆனாலும் தினம் வந்தாள். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். சுவர் காய்வதைப் பார்ப்பதற்கு ஆசையாக ஓடிவந்த ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வானம் முதலில் தெளிந்தது. தாடிக்காரரின் முகத்தில் இருட்டு விலகி, கன்னத்து எலும்பு மேலே வந்தது. சிவப்பு மேலங்கிதான் கடைசி வரை அடம் பிடித்தது. ஓரங்களிலிருந்து வெளுத்து வெளுத்து, நடு மடிப்பில் ஒரு திட்டாகச் சுருங்கி, ஒரு காலையில் அதுவும் இல்லை. அழுகிற பெண் விடிகாலை வெளிச்சத்தில் இருப்பதுபோல இருந்தாள். இருபது வருடத்துக்கு முன்பு கரண்டி அந்தத் தேவாலயத்தில் பார்த்த அதே பெண். ஒவ்வொரு நிறமும் ஒரு படி இறங்கும்போது, அண்ணன் முகத்தில் ரத்தம் ஒரு படி இறங்குவதாக அவள் நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அண்ணன் கூடத்துக்குள் நுழைந்தான். நுழைந்தவன் அப்படியே நின்றான். புத்தகத்தைத் திறந்தான், மூடினான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணல. காஞ்சிருக்கு."

"சுண்ணாம்புல ஏதோ கலந்திருக்க. வேணும்னே கெடுத்திருக்க."

கரண்டி எழுந்து வாளியில் இருந்த பஞ்சை நனைத்து, சிவப்பு மேலங்கியின் ஓரத்தில் ஒத்தினாள். ஒத்திய இடம் கறுத்தது. "புத்தகத்தை வெச்சுப் பாரு," என்றாள்.

வைத்துப் பார்த்தான். அச்சு அசலாகப் பொருந்தியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் உள்ளே இழுக்க, ஓரம் வெளுக்கத் தொடங்கியது. அண்ணன் முட்டாள் இல்லை. பத்தொன்பது வருடம் தள்ளிப்போட்ட யோசனை அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

"அந்த நோட்டு..."

"ஆமா. ஈரத்துல எடுத்தது."

"எங்கயுமே எழுதலையே நீ."

"உனக்காகவா எழுதினேன்?"

அண்ணன் வாசலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "பாப்பா, தண்ணி அடிச்சு வெச்சா நிறம் நிக்கும்ல? அவங்க அரை மணி நேரம்தான் இருப்பாங்க. அந்தப் பம்பை எடு."

மூலையில் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு இருந்தது. கரண்டி அதை எடுத்து, நிரப்பி, மூடியைத் திருகி, மரியாதையாக அவன் கையில் கொடுத்தாள். அடிக்கவில்லை. கொடுத்தாள், அவ்வளவுதான். முதுகு வலிக்காரன் ஏணியில் ஏறி இறங்கி, அறுபது சதுர அடிக்கும் தண்ணீர் அடித்து முடித்தபோது, வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

குழுத் தலைவி குள்ளமான, நிதானமான பெண்மணி. கூடவே இரண்டு பேர். பின்னால் முப்பத்துநாலு மாணவர்கள். நூலகத்திலிருந்து அண்ணியும் வந்து கதவோரம் நின்றாள். தலைவி ஒரு சின்னக் கருவியைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தாள். கூட வந்தவர் எண்களைக் குறித்தார். பிறகு புத்தகத்தின் கட்டங்களில் வைத்தாள். "பொருந்துது," என்றாள். அண்ணன் மூச்சு விட்டான்.

தலைவி தன் விரலைப் பார்த்தாள். விரல் நனைந்திருந்தது.

"சுவர் ஏன் வேர்க்குது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஈரப்பதம் காக்கணும் மேடம். அதான் முறை."

"மூணு வாரத்துக்கு அப்புறமுமா?" தலைவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இதே கருவியைப் போன மாசம் அசல் சுவர்ல வெச்சுட்டு வந்தேன். இந்தச் சுவர் உங்க புத்தகத்தோட பொருந்துது. அசலோட பொருந்தல."

"அசலைத்தான் கழுவிக் கெடுத்துட்டாங்களே மேடம். நான் அதைப் பத்தி எழுதியிருக்கேன்."

"எழுதிட்டே இருக்கீங்க, படிச்சிட்டே இருக்கேன்," என்றாள் தலைவி. "சரி, காயட்டும். ஃபேனைப் போடுங்க. டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை பார்ப்போம்."

மூன்று ஃபேன்கள் சுற்றின. தலைவியும் மற்ற இருவரும் டீ குடிக்கப் போனார்கள். மாணவர்கள் ஒருவரும் நகரவில்லை. அண்ணனும் நகர முடியவில்லை. இத்தனை கண்களுக்கு முன்னால் பம்பை எடுக்க முடியாது. வானத்தில் தொடங்கி, முப்பத்துநாலு பேர் பார்க்கப் பார்க்க, நிறம் ஒவ்வொன்றாகப் படியிறங்கியது. "அய்யோ, மேலங்கியைப் பாருடி," என்று உயரமான மாணவி பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள். கரண்டி சுவரைப் பார்க்கவில்லை. அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே. அண்ணனைப் பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலைவி மறுபடியும் அளந்தாள். ஏழு பங்கிலும், அசலின் எண்கள். மயிரிழைக்கு அந்தப் பக்கம், மயிரிழைக்கு இந்தப் பக்கம்.

"சுவர் சரி. புத்தகம் தப்பு," என்றாள்.

"பூச வந்தவ ஏமாத்திட்டா மேடம்," என்றான் அண்ணன். "நான் சொன்ன நிறத்தை வைக்கல."

தலைவி பதிவேட்டைப் புரட்டினாள். சத்தமாகவே படித்தாள். நிறம் சரி, நிறம் சரி, நிறம் சரி. அசலுக்கு இம்மியும் பிசகவில்லை. ஏழு முறை, ஏழு வால் நீண்ட கையெழுத்து.

அப்போதுதான் கரண்டி வாயைத் திறந்தாள். இந்த இடத்துக்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தது.

"புத்தகத்துல இருக்கற நிறம் தப்பில்லம்மா. ஒவ்வொண்ணும் சரியான நிறம். எந்த நேரத்து நிறம்னுதான் போடல. சுவர்ல வேலை செய்யறவங்களுக்கு அதைவிட உபயோகமானது வேற கிடையாது. சார்தானே எழுதினாரு. சாரையே கேளுங்க, எப்போ எடுத்தாருன்னு."

கூடம் முழுக்க அண்ணனைப் பார்த்தது. அவனுக்கு இரண்டே வழி. புத்தகம் பொய் என்று ஒப்புக்கொண்டு, பதினெட்டு வருடம் மாணவர்களுக்குத் தப்பான நிறத்தைக் கற்றுக்கொடுத்தவனாக வெளியே போகலாம். இல்லையென்றால் புத்தகத்தைக் காப்பாற்றலாம். அதற்கு, அவை ஈர நிறங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஈரச் சுவரின் முன் தூரிகையோடு யார் நின்றது என்ற கேள்வி வரும். அவன் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

"கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி, கதவோரத்திலிருந்து.

அவன் கையை இறக்கினான். "அதெல்லாம் ஈர நிறம்," என்றான்.

"எப்போ எடுத்தீங்க?" என்றாள் தலைவி.

"நான் எடுக்கல."

"யாரு?"

"என் தங்கச்சி."

"பேரைச் சொல்லு," என்றாள் கரண்டி.

சொன்னான். அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னான். பட்டப்பெயரையே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, அது யாரோ ஒருத்தியின் பெயர்போலக் கேட்டது.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

மறுபடியும் சொன்னான்.

"வேலைக்கு வந்தப்ப என்னைத் திருடின்னாங்களே, அப்ப நீ எங்க இருந்த?"

"பாப்பா, போதும்."

"இங்க பாப்பா யாரும் இல்ல சார். எங்க இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்." குரல் உடைந்தது. கரண்டி அதற்காகத்தான் காத்திருந்தாள். உடைந்த குரல் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. மறைப்பானேன், இனிப்பாகவே இருந்தது.

இயக்குநர் பதவி போன கதையைச் சொல்லவேண்டியதில்லை. பிரதிக்கூடத்தில் வண்ணத்துக்கும் சாந்துக்கும் பொறுப்பாளராக வரமுடியுமா என்று தலைவி கரண்டியைக் கேட்டாள், வருகிறேன் என்றாள். அடுத்த கேள்வி புத்தகங்களைப் பற்றி. வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து திரும்பி வந்தவை எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது. கூழாக்கிவிடலாமா?

"வேண்டாம்மா. அவ்வளவும் நல்ல நிறம். தலைப்பு இல்லாததுதான் குறை. ஒவ்வொரு பக்கத்துலயும் 'ஈர நிறம்'னு மேல எழுதணும். முதல் பக்கத்துல எடுத்தவங்க பேரு."

"அச்சடிச்சு ஒட்டிடலாமே?"

"ஒட்டினது உரிஞ்சு போயிடும். கையால எழுதிடலாம்," என்றாள் கரண்டி. "சாருக்கு எழுத்து முத்து முத்தா இருக்கும். பதிவேட்டுல பார்த்தீங்கள்ல."

தலைவியின் உத்தரவுப்படி, நூலகத்தின் நீள மேஜையில், ஜன்னல் பக்கம் அண்ணன் எழுத உட்கார்ந்தான். அண்ணி புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினாள்; ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தவற்றைத் தனியாக எடுத்து மேலே வைத்தாள், இப்போது அழிக்கவில்லை. எதிர் நாற்காலியில் கரண்டி. அவன் எழுதி முடித்து நகர்த்துகிற ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தாள். எழுத்து கோடு தாண்டியிருந்தால் திருப்பித் தள்ளினாள். தன் பெயரில் ஒரு கொம்பு சின்னதாகிப்போயிருந்தது, அதையும் தள்ளினாள்.

முப்பத்தேழாவது புத்தகத்தில் அண்ணன் பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டான்.

"கை வலிக்குது பாப்பா."

"வலிக்கும்," என்றாள் கரண்டி. கைவேலைக்காரிக்குத் தெரியாததா. "நூறு வரைக்கும் வலிக்கும். அதுக்கு மேல மரத்துப்போயிடும், ஒண்ணும் தெரியாது."

அடுத்த புத்தகத்தைத் திறந்து, அவன் முன்னால் நேராக வைத்தாள்.